பிரபாவதியின் கிளிப் பற்றிய நாற்பது பக்க அறிக்கை

நிர்வாகக் கலை எந்த நாட்டில் பிறந்தது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அது முழுமை பெற்ற இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெய்வேலியில், மந்தாரக்குப்பம் சாலையில் இருக்கும் எங்கள் கான்ட்ராக்ட் அலுவலகம்தான் அது. மைன்ஸுக்கு ஆள் அனுப்புவது எங்கள் தொழில். அங்கே தலைமை எழுத்தராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் வருகைப்பதிவுப் பிரிவில் பிரபாவதி என்றொரு பெண். பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் ஜெயகணேஷ் முன்னால் வந்து நின்றாள்.

"கிளிப்பு கம்பி விட்டுப்போயி கன்னத்துல குத்திக்கினே இருக்குதுங்க சார். வலி உயிர் போவுது. பிரஷ்ஷே வைக்க முடியல. அரைநாள் லீவு குடுத்தீங்கன்னா பண்ருட்டி போயி பல் டாக்டர பாத்துட்டு வந்துடுவேங்க."

மேனேஜர் தொலைநோக்கு உள்ளவர். இதைக் காதால் கேட்காமல் மூக்கால் கேட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இது லீவு பிரச்சினை இல்லம்மா. சேஃப்டி பிரச்சினை," என்றார்.

அன்று மாலையே 'சுவாசப் பாதுகாப்புக் குழு' உதயமானது. நான் செயலாளர். சேஃப்டி சூப்பர்வைசர் ஆரோக்கியதாஸ் 'கள ஆய்வாளர்'. முதல் கூட்டத்தில் வடை, இரண்டாவதில் கீரை போண்டா. மூன்றாவது கூட்டத்தில் ஆரோக்கியதாஸ், மைன்ஸில் விஷவாயு இருந்தால் கத்தும் கேஸ் மீட்டரைக் கொண்டுவந்து பிரபாவதியின் வாயருகே நீட்டினார்.

"ஆ காட்டும்மா."

"வலிக்குதுங்கண்ணே."

"அத மினிட்ஸ்ல ஏத்த முடியாதும்மா. அளவு மட்டுந்தான் போடலாம்."

மீட்டர் கத்தவில்லை. அதில் பேட்டரி இல்லை என்பது நான்காவது கூட்டத்தில் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

ஆபத்தான வேலைக்கெல்லாம் மைன்ஸில் பெர்மிட் உண்டல்லவா? அதே முறையில் 'வாய் திறப்பு பெர்மிட்' கொண்டுவந்தோம். பிரபாவதி பேசுவதற்கு முன் படிவம் நிரப்பி மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். வாயில் நாற்றமில்லை என்று பல் டாக்டரின் சான்றும் இணைக்க வேண்டும். டாக்டரிடம் போக லீவு வேண்டும். லீவு கேட்க வாய் திறக்க வேண்டும். இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை என் இருபது வருட சர்வீஸில் நான் கண்டதில்லை. அவளோ வீங்கிய கன்னத்தோடு, மோரை மட்டும் குடித்துக்கொண்டு, ஷிப்ட் பட்டியலை டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் பண்ருட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். டாக்டர் கம்பியை வெட்டி, அடியில் சிக்கிக் கிடந்த சோற்றுப் பருக்கைகளை எடுத்தாராம். பத்து நிமிட வேலை. வலியும் போயிற்று, நாற்றமும் போயிற்று.

குழு அதிர்ந்தது. விசாரணை முடியுமுன் 'விசாரணைப் பொருளை' ஒருத்தி தன்னிச்சையாக நீக்கலாமா? விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தோம். அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று என் கையாலேயே குறிப்பும் எழுதினேன்.

அவள் ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதித் தந்தாள்: 'வலித்தது.'

"என்னம்மா இது, இப்ப வந்து புதுசா ஒரு காரணம் சொல்ற?" என்றார் மேனேஜர்.

குழு அதுவரை எழுதிச் சேர்த்திருந்த நாற்பது பக்க அறிக்கையை நான் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். மேனேஜர் சொன்னது முற்றிலும் சரி. அந்த வார்த்தை அதில் ஓரிடத்திலும் இல்லை.