சிலுப்பாத சேவல்

சங்ககிரி,
ஆடி 21, புதன்கிழமை.

அன்பும், கோபத்துக்குப் பின் வரும் பொறுமையும் நிறைந்த என் மனைவி சென்னியம்மாளுக்குச் சுப்பையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், நம் மகன் தீனதயாளனும், மருமகள் சரிதாவும், எருமையும், வாசல் முருங்கையும் சுகம். அங்கே கெங்கவல்லியில் நீயும், மகள் சத்யபிரியாவும், தொட்டிலில் கிடக்கும் குட்டி நிலாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே இன்னொரு உயிரும் சுகமாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தால், படித்துக் காட்டும் சத்யபிரியாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்.

நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நாற்பது வருஷம் லாரிகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்த விரல், பேனாவையும் கயிறு என்று நினைத்து இறுக்குகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுத்துப் படித்ததில் நான் கண்ட முதல் சுகம் இதுதான். பேசுகிற மாதிரி எழுதக் கூடாது, புத்தகத்தில் உள்ளது போல் எழுத வேண்டும் என்று, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தால் பயப்படாதே.

தை மாசம் திருச்செங்கோட்டுக் கபடிப் போட்டிக்குத் தீனதயாளன் வீங்கின முழங்காலோடு போனபோது, "முனியப்பா, எம் பையன் காலு முறியாம கப்பு வாங்கியாந்தான்னா உனக்கொரு சேவலு" என்று நீ நேர்ந்துகொண்டாய். கப்பும் வந்தது, காலும் வந்தது. நீ சந்தையில் அந்தச் செஞ்சேவலை வாங்கி வந்து என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "ஏனுங்க, நேந்த உசுருக்குப் பேரு வெக்காதீங்க. பேரு வெச்சா அப்பறம் கத்தி வெக்க மனசு வராது." சொல்லிவிட்டுச் சித்திரை கடைசியில் நிலாவைப் பார்த்துக்கொள்ளக் கெங்கவல்லிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

பேர் நான் வைக்கவில்லை. கபடிப் பையன்கள் வைத்தார்கள். நம் சேவல் பக்கத்து வீட்டு வாசலுக்குள் ஒற்றைக் காலைத் தூக்கிப் பதுங்கிப் போய், அங்கே ஒரு கோழியைத் தொட்டுவிட்டு, நாலு கோழி துரத்த நம் எல்லைக்குள் பாய்ந்து வந்து விழுவான். அதைப் பார்த்து அவர்கள், கபடியில் எதிர்க்கட்சிக்குள் பாடிப் போகிறவனைச் சொல்வது போல், "ரைடர்" என்றார்கள். நான் அந்தப் பேரைக் கூப்பிட மட்டும்தான் செய்தேன்.

அப்புறம் அந்தக் கத்திரி வெயில். அவன் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினான். பாவமாக இருந்தது. குழாயடியில் நிறுத்தித் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் அவனே வந்து குழாயடியில் நின்றான். அதற்கப்புறம் தினமும் குளியல்தான். குளித்த பின் நான் முருங்கை நிழலில் நோட்டை விரித்து உட்காருவேன், அவன் என் தொடை மேல் உட்காருவான். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பான். தப்பாக எழுதினால் கொத்துவான். சரியாக எழுதினாலும் கொத்துவான், அது வேறு. வெயில் இலைகளுக்குள் புகுந்து நோட்டின் மேல் ஆடும். எழுத்து எது, நிழல் எது என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தூங்கிப்போவோம். எழுபத்தோரு வயதில் இப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடைத்ததே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்குக்கு, நீ சொன்னபடியே, எல்லோரும் டெம்போ வேனில் மேட்டூருக்குப் புறப்பட்டோம். நான், தீனதயாளன், சரிதா, கப்பு வாங்கிய ஏழு பையன்கள், உன் தம்பி வீரபாகு. வீரபாகு முதல் நாளே சேவல் குழம்புக்கு மசாலா அரைத்துத் தூக்குப்போசியில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். என் மடியில் ரைடர். மேட்டூருக்கு நான் எத்தனையோ லாரியோடு போயிருக்கிறேன். ஆனால் வழியில் இத்தனை சங்கதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! வேகத்தடை உள்ளது, இங்கே பஞ்சர் ஒட்டப்படும், சுவரொட்டி ஒட்டாதீர், கரும்புச்சாறு, வளைவு, பள்ளி, மெதுவாகச் செல்லவும். ஊரெல்லாம் என்னோடு பேசிக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. நான் ஒன்று விடாமல் உரக்கப் படித்தேன். படிப்பதற்குள் பலகை போய்விட்டால் டிரைவரை நிறுத்தச் சொன்னேன்.

"மச்சான், எல்லாப் போர்டையும் படிச்சுட்டுத்தான் போவீங்கன்னா அடுத்த ஆடிக்குத்தானுங்க மேட்டூரு போயிச் சேருவோம். மசாலா ஊசிப் போயிருமுங்க" என்றான் வீரபாகு.

அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். என்ன சொல்வேன் சென்னி, வெள்ளைப் பருத்தியை மலை மலையாகக் கொட்டினது போல் இருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. ரைடர் வீட்டுக் குழாயடி என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அப்போதே மனசுக்குள் ஏதோ தட்டியது.

முனியப்பன் கோயிலில் கூட்டமான கூட்டம். நம் முறை வந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து அவன் தலையில் விட்டார். உனக்குத் தெரியும், சேவல் உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்கப்புறம்தான் கத்தி. எந்தச் சேவலாக இருந்தாலும் ஒரு கை தண்ணீருக்கே சிலுப்பிவிடும். நம்மவன் கண்ணை மூடினான். இரண்டாவது சொம்பு விட்டார். தலையைச் சாய்த்தான். மூன்றாவது சொம்புக்கு, வீட்டில் செய்கிற வழக்கப்படியே, அக்குளில் தண்ணீர் விடு என்று ஒரு இறக்கையைத் தூக்கிக் காட்டினான்.

பூசாரி என்னைப் பார்த்தார். "என்னுங்க பெரியவரே, இது சேவலுங்களா, வாத்துங்களா?"

சரிதா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு, "தெனமும் குளிப்பாட்டி வளத்துனா எப்புடிங்க மாமா சிலுப்பும்?" என்றாள்.

ஐந்து சொம்பு ஆயிற்று. ஒரு குடம் ஆயிற்று. பையன்கள் ஏழு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பசித்தவர்கள் "சிலுப்பு, சிலுப்பு" என்றார்கள். மற்றவர்கள் ஆட்டத்தில் கத்துகிற மாதிரி "ரைடரு! ரைடரு! மூச்ச விட்றாதே!" என்று கத்தினார்கள். முன்பின் தெரியாத ஜனங்கள் எல்லாம் எங்களைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். வீரபாகு பொறுமை இழந்து, குனிந்து, சேவலின் காதுப் பக்கம் உஃப்பென்று ஊதினான். உடனே நம் மகன், கப்பு வாங்கிய கேப்டன், கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். "ஃபவுலு மாமா! ஃபவுலு! அது தானாத்தான் சிலுப்போணும்!"

நான் ரைடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஈர உடம்போடு என்னை ஒரு கண்ணால் பார்த்தான். நோட்டைப் பார்க்கிற அதே பார்வை.

கடைசியில் பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "சாமி இன்னிக்கு வேண்டாங்குறாருங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த ஆடிக்கு வந்து மறுக்காக் கேளுங்க" என்றார். தேங்காய் உடைத்தோம், பொங்கல் வைத்தோம். வீரபாகுவின் மசாலாவில் முப்பது முட்டையை உடைத்து ஊற்றினாள் சரிதா. அன்று சாயங்காலம் நீ போனில் "கொழம்பு எப்புடிங்க?" என்றதற்கு "நல்ல காரம்" என்றேனே, அது உண்மைதான். முட்டை என்று சொல்வதற்குள் நீ நிலாவின் சளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

சென்னி, நேர்ந்தது உன் வாய். பாக்கி நிற்கிறதே, பையன் காலுக்கு ஏதாவது ஆகுமோ என்று நீ தூங்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முனியப்பனே வேண்டாம் என்ற பிறகு நாம் வற்புறுத்தினால் மரியாதையாக இருக்குமா? ஒரு வருஷம் அவன் நம் வாசலில் இருக்கட்டும் என்று நீ சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் மூன்று நாளாக இதை எழுதினேன்.

மகளுக்கு நீண்ட ஆயுசும், நிலாவுக்குச் சளி இல்லாத மூக்கும், உனக்கு முழங்கால் வலி இல்லாத படிக்கட்டும் முனியப்பன் தருவாராக.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும்
உன் சுப்பையன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது, எடப்பாடி தாண்டி, வேனில் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தோம். குளிர்ந்த காற்று வந்தது. என் மடியில் இருந்தவன் எழுந்து நின்று, கொண்டை முதல் வால் வரை, சடசடவென்று ஒரு சிலுப்புச் சிலுப்பினான். முனியப்பன் கேட்டதை எல்லாம் சேர்த்துக் கொடுத்த மாதிரி. இறக்கை அடியில் காயாமல் நின்ற மஞ்சள் தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது. வீரபாகு ஒரு கண்ணைத் திறந்து, "என்னுங்க, தூறல் போடுதுங்களா?" என்றான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "ஆமாங்க, தூறல்தானுங்க" என்றாள் சரிதா. பையன்கள் ஏழு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும் ஒரு பலகையைப் படிக்கிற மாதிரி வெளியே பார்த்தேன்.

வாயால் சொல்வதாக இருந்தால் இதை மறைத்திருப்பேன். எழுதினால் மறைக்க வரவில்லை. விட்ட இடம் காகிதத்தில் ஓட்டை மாதிரி தெரிகிறது. இனி உன் முடிவுதான். வந்தே முடிவு செய். ஆனால் வாசலில் அவனைப் பார்த்ததும் பேர் சொல்லி மட்டும் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் வந்து மடியில் உட்கார்ந்துகொள்வான். அப்புறம் உன் பாடு.