ஓடுகிறவர் காலில் ஏறிய நாகம்

திருவனந்தபுரத்தில் இப்போது எல்லோரும் ஓடுகிறார்கள். வங்கி மேலாளர் ஓடுகிறார். புரோட்டாக் கடை முதலாளி ஓடுகிறார். ஒரு மாடி ஏறுவதற்கு லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள்கூட, புதுக் காலணி வாங்கிய மறுநாளே எட்டு கிலோமீட்டர் ஓடி, வியர்த்த முகத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஒன்பதாம் நாள் நொண்டுகிறார்கள்.

வலி முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் ஓரமாக இழுக்கும். காரணம் என்ன? பழக்கமில்லாத காலைத் திடீரென்று ஓட்டியதுதான் காரணம் என்றால் யார் கேட்பார்கள்? இவ்வளவு எளிய காரணத்துக்குக் கூட்டம் சேருமா?

சர்ப்பதத்த ஆசான் வேறு காரணம் சொன்னார். கூட்டம் சேர்ந்தது.

பழவங்காடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய நாகவிஷ நிவாரண நிலையம். காலை ஆறு மணிக்கே வரிசை தெருவரை நீளும். வலிக்கிற காலோடு செங்குத்தான இருபத்திரண்டு படி ஏற வேண்டும். ஏறி முடித்ததும் வலி இரண்டு மடங்காகும். "கண்டோ! என் வாசலுக்கு வந்ததும் விஷம் துடிக்குது!" என்பார் ஆசான். வரிசை சிலிர்த்துப்போகும்.

மூன்று வருடங்களுக்கு முன் கல்லாறில் சுற்றுலாப் பயணிகளுக்கு அட்டைக்கடி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தபோது அவர் பெயர் சொரிமுத்து. ஊருக்கே அது தெரியும், யாரும் சொல்வதில்லை. அட்டை காலில் கடிக்கும். காலைப் பற்றிய அவருடைய மேற்படிப்பு அவ்வளவுதான்.

அவருடைய தத்துவம் இது: ஓடினால் பூமி அதிரும். அதிர்ந்தால் பாதாளத்தில் தூங்கும் நாகம் விழிக்கும். விழித்த நாகம் எரிச்சலில் மூச்சு விடும். அந்த மூச்சு ஓடுகிறவன் காலில் ஏறும். முழங்காலுக்கு மேலே ஏன் ஏறுவதில்லை என்று ஒருவர் கேட்டாராம். "நாகத்துக்குக் கையா இருக்கு, பிடிச்சு ஏற?" என்றார் ஆசான். கேட்டவர் காலில் விழுந்தார். தினமும் ஆயிரம் லாரி போகிற ஊரில், புரோட்டாக் கடைக்காரர் ஓடினால் மட்டும் நாகம் ஏன் விழிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கண்ணால் பார்க்க நிரூபணமும் உண்டு. ஒரு மஞ்சள் துணியைக் காலில் சுற்றுவார். பெண்களும் வருகிற இடமாயிற்றே என்று ஆடைக்கு மேலேயே சுற்றுவார். பித்தளைச் செம்பிலிருந்து தெளிந்த தீர்த்தத்தைத் தெளிப்பார். துணி ரத்தச் சிவப்பாக மாறும். அதுதான் விஷம்! பிறகு இருபத்தொரு நாள் விரதம்: ஓடக் கூடாது, மீன் தொடக் கூடாது. இருபத்தோராம் நாள் வேறொரு செம்பிலிருந்து தெளிப்பார். துணி மஞ்சளாகவே இருக்கும். வலியும் போயிருக்கும்.

மூன்று வாரம் ஓடாமல் இருந்தால் வலி போகாமல் என்ன செய்யும்? ஆனால் புகழ் ஓய்வுக்குப் போகவில்லை, ஆசானுக்குப் போயிற்று. வலி போகாதவர்கள் மீன் தின்றவர்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் லிஜோ இதைக் கேட்டுவிட்டு, "இந்த வலி இருந்துட்டுப் போட்டும், ஆசானே" என்று படியிறங்கிப் போனான். அந்த மாடியிலிருந்து ஏமாறாமல் திரும்பிய முதல் ஆள் அவன்தான். காப்பாற்றியது அறிவு அல்ல, அயிலை மீன்.

இந்த இடத்துக்குத்தான் பொன்னம்மை தன் மகள் ஸ்ரீப்ரியாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீப்ரியா காவல்துறை வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியவள். ஓட்டத் தேர்வுக்கு எட்டு வாரம் இருந்தது. அதுவரை பேருந்துக்குக்கூட ஓடியறியாத பெண், தார்ச்சாலையில் தினமும் ஓடி, பத்தாம் நாள் இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிசியோதெரபி படித்த தோழி அஸ்வதி எலும்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் ஸ்ரீப்ரியா அலறினாள்.

"மூணு வாரம் ஓட்டமே கிடையாது கேட்டியா. இந்த ஒரு இடத்து வலி குறையலேன்னா ஸ்கேன் எடுக்கணும். இதோட ஓடினா எலும்பு விரிசல் விடும். பின்னே போலீசும் இல்ல, ஓட்டமும் இல்ல. வலி போனப்புறம் புல்தரையில மெதுவா ஆரம்பி. டைம் இருக்குடீ."

ஆசான் சொன்னது வேறு. துணி சிவந்ததைக் காட்டிவிட்டு, "பரீட்சை அடுத்து வந்தாச்சு மோளே. உனக்கு விரதத்துக்கு சமயமில்ல. விஷத்தை ஓடித்தான் எரிக்கணும். திங்கட்கிழமை முதல் ஏழு நாள், வெறுங்காலோட, கருங்கல் தரையில நாற்பத்தொரு சுற்று" என்றார்.

"எலும்பு உடைஞ்சிடும்மா" என்றாள் ஸ்ரீப்ரியா வீட்டில்.

"உன் கூட்டுக்காரி விரலால தடவிப் பார்த்தா. ஆசான் விஷத்தையே கண்ணுல காட்டிட்டாரு. யாரை நம்பணும் மக்களே?" என்றாள் பொன்னம்மை மகளிடம்.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டில் புதுமணத் தம்பதி வந்திறங்கினார்கள். அந்தத் தெருவில் ஆரத்தி என்றால் பொன்னம்மைதான். முப்பது வருடமாக எல்லாக் கல்யாணத்துக்கும் அவள்தான் கரைக்கிறாள். தட்டில் மஞ்சள் நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கினாள். மஞ்சள் நீர் ரத்தச் சிவப்பாக மாறியது. பக்கத்தில் நொண்டியபடி நின்ற ஸ்ரீப்ரியா அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, இந்தத் தட்டுக்கு எப்பம்மா பாம்பு கடிச்சுது?"

"போ பிள்ளே! ஆரத்தி வேற, ஆசான் வேற."

"சரி. ஒரு சோதனை வைக்கிறேன். ஆசான் ஜெயிச்சா திங்கட்கிழமை ஓடுறேன். தோத்தா அஸ்வதி சொன்னபடி. சம்மதமா?"

"சம்மதம். தோத்துட்டு வந்து கருங்கல்லு குத்துதுன்னு அழப்படாது."

ஸ்ரீப்ரியா நேராக மைதான வாசலில் லாட்டரிச் சீட்டு விற்கும் பிச்சையாவிடம் போனாள். திருநெல்வேலிக்காரர். நீளக் கால்சட்டையும் காலணியும் போட்டுக்கொண்டு சற்றே சாய்ந்து நடப்பவர். விஷயத்தைக் கேட்டதும் சீட்டுக்கட்டு உதிரச் சிரித்தார்.

"நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் தாயி. சொல்ல வேண்டிய அவசியமும் வராது."

சனிக்கிழமை காலை. மாடி நிறையக் கூட்டம், நடுவே பொன்னம்மையும் ஸ்ரீப்ரியாவும். பிச்சையா வலது காலை நீட்டி உட்கார்ந்தார். ஆசான் கால்சட்டைக்கு மேலே மஞ்சள் துணியைச் சுற்றினார்.

"எரிச்சல் உண்டா?"

"இல்ல ஆசானே. இந்தக் கால்ல ஒண்ணுமே தெரியல."

ஆசான் அதிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா! விஷம் முத்திப்போனா உணர்ச்சி சாகும்! எத்தனை நாளா இப்படி?"

"பதினோரு வருஷமா."

"பதினோரு வருஷம்!" தீர்த்தம் பறந்தது. துணி சிவந்தது. வரிசையில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இந்த அளவு விஷம் நான் இதுவரை கண்டதில்ல! வேற ஆளா இருந்தா இதுக்குள்ள காலே போயிருக்கும்!"

"போயிருக்குமா ஆசானே?"

"சம்சயமே வேண்டாம். முழுசாப் போயிருக்கும்!"

பிச்சையா நிதானமாகத் துணியை உருவிவிட்டுக் கால்சட்டையைச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே இருந்த பட்டையை அவிழ்த்தார். காலணியோடு காலைக் கழற்றி, சிவந்த துணியையும் சேர்த்து ஆசானின் மேஜைமேல் வைத்தார்.

"போயாச்சு ஆசானே. பதினோரு வருஷம் முன்னாடி லாரி ஏறிப் போயாச்சு. இது ஃபைபர். இதுக்கு எத்தனை நாள் விரதம்?"

மாடியில் வெடித்த சிரிப்பில் கீழே பாத்திரக் கடையில் குடங்கள் உருண்டன.

ஆசான் லேசுப்பட்டவரா? "விஷம் ஃபைபர்லயும் ஏறும்! நாகத்துக்கு ஃபைபர் என்ன, இரும்பு என்ன!" என்று கத்தினார். இரண்டு பேர் தலையாட்டவும் ஆட்டினார்கள். நம்ப முடிவு செய்துவிட்டவர்களுக்குக் கழற்றி வைத்த கால்கூடச் சாட்சி ஆகாது.

ஸ்ரீப்ரியா செம்பை எடுத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் மஞ்சள் துணியைச் சுற்றித் தெளித்தாள். சிவப்பு. ஆசானின் மேஜைக் காலில் சுற்றித் தெளித்தாள். சிவப்பு. ஒரு பையன் துணியோடு ஜன்னல் கம்பிக்கு ஓடினான். கம்பிக்கும் கடுமையான நாகதோஷம்.

"இந்த நாற்காலி தினம் எத்தனை கிலோமீட்டர் ஓடுது ஆசானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அப்போது பொன்னம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செம்புக்குள் விரலை விட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். சிவந்த துணியை மோந்து பார்த்தாள். முப்பது வருட அனுபவம் முகத்தில் ஏறியது.

"சுண்ணாம்புத் தண்ணி. ஏலே சொரிமுத்து, இது நான் கரைக்கிற ஆரத்தில்லா! என் கிட்டயே ஆரத்தி எடுக்கியா? என் பிள்ள காலை ஒடைக்கப் பார்த்தியே, படுபாவி!"

செம்பு அவள் கையில் உயர்ந்தது. ஆசான் ஓடினார். இருபத்திரண்டு படியையும் ஆறே எட்டில் இறங்கி ஓடினார். வலியென்று வந்த மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் ஓடியது. அன்று காலை அந்தச் சந்தில் நொண்டியவர் ஒருவரும் இல்லை. ஒற்றைக் காலில் ஜன்னலைப் பிடித்து நின்ற பிச்சையா, "முதல் பரிசு ஆசானுக்குத்தான்!" என்று மேலிருந்து கூவினார்.

ஸ்ரீப்ரியா மட்டும் ஓடவில்லை. அவளுக்கு மூன்று வாரம் ஓட்டம் கிடையாது.

இரண்டாம் வாரமே அந்த ஒரு இடத்து வலி மட்டுப்பட்டது. நான்காம் வாரம் புல்தரையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஆறாம் வாரம் தேர்வில் ஓடினாள். முதலாவதாக வரவில்லை. வர வேண்டிய நேரத்துக்குள் வந்தாள்.

வாசலில் பொன்னம்மை ஆரத்தித் தட்டோடு நின்றாள். "பயப்படாதே மக்களே, விஷமில்ல, சுண்ணாம்பு" என்று சொல்லித்தான் சுற்றினாள்.

ஆசானின் மாடிக்கு இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். மூட்டுவலிக்கு முட்டை மந்திரிக்கிறாராம். காலையிலேயே வரிசை நிற்கிறது. நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓய்வு கேட்பது உங்கள் கால். மூளை கேட்கவில்லை, அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் எடுத்தாயிற்று.