தேவானந்தம் பெயிலாகப் போன பரீட்சை

புஷ்பம் எம்.எஸ்ஸி. சைக்காலஜி பாஸ் பண்ணக் கூடாது என்று அவள் கணவர் தேவானந்தம் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலாவது பஜ்ஜியைக் கடிக்கும்போது.

மனுஷரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பல்லாவரத்தில் ஆபீஸ். ஐந்தரை மணிக்குச் சேலையூர் வீட்டுக்குள் காலை வைத்தால் வாணலியில் எண்ணெய் காய்ந்திருக்கும். மானேஜரிடம் பகலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் மறப்பது அந்தத் தட்டுக்கு முன்னால்தான். இப்போது அந்தத் தட்டுக்கே ஆபத்து. புஷ்பம் பாஸானால் கேம்ப் ரோடு பள்ளிக்கூடம் ஒன்றில் கவுன்சலர் வேலை தயார். சாயங்காலம் பெற்றோர்களையும் பார்த்துப் பேசிவிட்டு வீடு திரும்ப ஆறரை ஆகும்.

போதாக்குறைக்கு அவர் வாயே அவருக்கு எதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தாம்பரத்தில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தபோது, ஆராதனை முடிந்து சபையே வெளியே நிற்கையில், "நீ பாஸ் பண்ணு புஷ்பம், சாயங்கால டிபனை நானே பண்றேன்" என்று பெருந்தன்மையாக அறிவித்திருந்தார். புள்ளியியல் பேப்பரில் கவிழ்ந்துவிடுவாள் என்ற தைரியம். அவளோ மிக்ஸியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் கரண்டியும் மறு கையால் பக்கமும் புரட்டி, ஒவ்வொரு பேப்பராகத் தாண்டிவிட்டாள். பாக்கி பிராக்டிகல் ஒன்றுதான்.

அந்தப் பிராக்டிகலில்தான் தேவானந்தத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சோதனை செய்து காட்ட வேண்டியது மாணவி. ஆனால் யாரை வைத்துச் செய்வது? ஆளை அவளே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆளுக்குச் சப்ஜெக்ட் என்று பெயர். மரப்பலகையில் வளைந்து வளைந்து ஒரு பாதை வெட்டியிருக்கும். சப்ஜெக்ட் கண்ணைக் கட்டிக்கொண்டு, குச்சியால் அதில் வழி கண்டுபிடிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய தப்பு குறையும். குறைவதைக் கிராப்பில் வரைந்து காட்டினால் மார்க்.

தப்பு குறையவே இல்லையென்றால்?

"அதுக்கென்ன, நானே வரேன்" என்றார் தேவானந்தம், வாய் நிறைய பஜ்ஜியோடு.

இந்த யோசனையில் அவருக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். புஷ்பத்தோடு படிக்கும் நூர் பீவியின் கணவர் அமீருதீன், செருப்புக்கடை வைத்திருப்பவர். நூர் பீவி மதியம் கடையில் உட்காருவதால்தான் அவர் மூன்று மணி வரை மேலே போய்த் தூங்க முடிகிறது. அவளும் வேலைக்குப் போய்விட்டால் தூக்கம் போச்சு. இருவரும் டீக்கடையில் நின்று பேசினார்கள்.

"பெரிய பேஜாரா கீது சார். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொதப்பினா சந்தேகம் வராது?" என்றார் அமீருதீன்.

"வராது பாய். ஆம்பளைங்களுக்கு மூளை கம்மின்னு அவங்க ஏற்கெனவே நம்பறாங்க."

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. புஷ்பம் அட்டையில் பாதை வெட்டி வைத்திருந்தாள். தேவானந்தம் தினமும் கண்ணைக் கட்டிக்கொண்டு தினமும் முட்டினார். நேராகப் போக வேண்டிய இடத்தில் திரும்பினார். திரும்ப வேண்டிய இடத்தில் தியானம் செய்தார். புஷ்பம் தப்புகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு நாள், இந்த வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்க நினைத்திருப்பதாகச் சொன்னாள். தேவானந்தத்துக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் ஐந்தரை மணிக்கு வாட்சைக் கடிக்க முடியுமா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பரீட்சை நாள். லேபில் வரிசையாக மேஜைகள். மார்க் போட வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன் வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேவானந்தம் கைக்குட்டையை எடுத்தபோது புஷ்பம் வந்து, "மாத்தி உட்காரச் சொல்லிட்டாருங்க. நீங்க நூர் மேஜைக்குப் போங்க. பாய் என் மேஜைக்கு வராரு" என்றாள்.

போனால் என்ன? அங்கே அமீருதீன் கவிழ்ப்பார், இங்கே நான் கவிழ்ப்பேன் என்று கணக்குப் போட்டபடி அவர் போய் உட்கார்ந்தார். நூர் பீவி பயபக்தியோடு பலகையை நகர்த்தி வைத்தாள்.

"முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்கண்ணா, போதும். உங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டம்னு அக்கா சொன்னாங்க."

தேவானந்தத்துக்குக் காது சூடாகிவிட்டது. கஷ்டமா? எனக்கா? ஊரார் வீட்டுப் பெண்ணிடம் போய் இவள் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாள்? கண்ணைக் கட்டிக்கொண்டார். முதல் தடவை நிஜமாகவே நாலைந்து இடத்தில் முட்டினார். அப்போது அடுத்த மேஜையிலிருந்து அமீருதீனின் குச்சி கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. கூடவே புஷ்பத்தின் குரல்: "அடேயப்பா, பாய், என்ன வேகம்!"

அவ்வளவுதான். பஜ்ஜி, டிபன், சபதம் எல்லாம் எங்கோ போய்விட்டது. தேவானந்தம் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை இரண்டே தப்பு. நாலாவது தடவை ஒன்றும் இல்லை. "இன்னொரு தடவை வேணா போடட்டுமாம்மா?" என்று அவரே கேட்டார். எக்ஸ்டர்னல் வந்து இரண்டு கிராப்பையும் பார்த்து, பாடப்புத்தகத்தில் போடலாம் போல அழகாக இறங்கியிருக்கிறது என்று பாராட்டினார். தேவானந்தமும் அமீருதீனும் மாறி மாறிக் கை குலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது படியிறங்கும்போதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

ஸ்கூட்டர் கேம்ப் ரோடு திரும்பியது. தேவானந்தம் ஆற்றாமை தாங்காமல், "கடைசி நேரத்துல ஆளை மாத்தி உட்கார வைக்கணும்னு அந்த எக்ஸ்டர்னலுக்கு என்ன தலையெழுத்து?" என்றார்.

"அவருக்கென்ன தெரியும் பாவம்? நானும் நூரும்தான் போய்க் கேட்டோம். சரி, மாத்திக்குங்கன்னாரு" என்றாள் புஷ்பம் பின்னாலிருந்து.

வண்டி லேசாக ஆடியது.

"வீட்ல உங்க தப்பு நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போச்சு. எலியை விட்டாக் கூடக் குறையுங்க. பாயும் அதே கதைன்னு நூர் சொன்னா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பொண்டாட்டி முன்னாடி எந்தப் புருஷனும் முட்டாளா நடிப்பான். அடுத்தவன் பொண்டாட்டி முன்னாடி நடிக்கச் சொல்லுங்க பார்ப்போம். இது சிலபஸ்லயே இல்லைங்க, கல்யாணம் ஆன முதல் வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு."