ஹூடாக்குக்கு ஊரெல்லாம் தெரியும்

வண்டியை வாசலில் உறுமவிட்டு உட்கார்ந்திருந்த ஸ்டான்லி ஹூடாக்குக்கு ஒரே ஒரு சந்தேகம். சாலைக்கு வந்ததும் இடது பக்கம் திரும்புவதா, வலது பக்கம் திரும்புவதா?

"என்ன ஸ்டான், இன்னும் கிளம்பலையா?" என்று மனைவி ஐரீன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டட்லி அங்க கேமராவோட காத்துக்கிட்டிருப்பான். பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டானாம்."

"இன்ஜின் சூடாகட்டும்னு பாக்கறேன்."

"சூடாகற சூட்டுல அதுமேல முட்டையே பொரிக்கலாம். டையை நேரா இழுத்துவிடு. ஓட்டுப் போட்டுட்டு வெளிய வரும்போது கொஞ்சம் சிரி. சிரிக்காம எடுத்தா நீ போலீஸ் தேடற ஆள் மாதிரி இருப்ப."

"சிரிக்கறேன், சிரிக்கறேன்" என்று அழாத குறையாகச் சொன்னார் ஹூடாக்.

டயர் கடை வைத்திருந்த மனிதருக்கு ஜட்ஜ் ஆகும் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், வாத்துகளிடமிருந்து வந்தது. பென்சில்வேனியாவில் இந்த மாதிரிச் சின்னக் கோர்ட்டு ஜட்ஜுக்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டால் போதும். ஹூடாக்கின் வாத்துகள் ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸை மறித்துக்கொண்டு நகர மறுத்தன. வழக்கு ஜட்ஜ் ஹாரியட் பெல்னாப்பிடம் போனது. பழைய ஜட்ஜ் காலமானபோது கவர்னர் நியமித்த அம்மாள். அதற்கு முன்பு டைப்ரைட்டிங் டீச்சர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வாத்துகளுக்குச் சட்டம் தெரியாது, மிஸ்டர் ஹூடாக். உங்களுக்குமா?" என்று கேட்டு அபராதம் போட்டுவிட்டார்.

"அடுத்த தேர்தல்ல அந்த நாற்காலியில நான் உக்காந்து இதுக்குப் பதில் சொல்றேன்!" என்று ஹூடாக் வீராப்பாகக் கத்த, கோர்ட்டில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டல் கெட்ட வஸ்து. அது கேட்டபின் மனிதன் பின்வாங்க முடியாது.

மறுவாரமே கோல்ட்டர்ஸ்வில் முழுக்கப் பலகைகள் முளைத்தன: "ஹூடாக்குக்கு ஊரெல்லாம் தெரியும்."

ஊரெல்லாம் தெரிந்த ஹூடாக்குக்குத் தன் வாக்குச்சாவடி மட்டும் தெரியாது. ஏனென்றால் அவர் ஜென்மத்தில் ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு நவம்பரும் "ஓட்டுப் போட்டுட்டு வர்றேன்" என்று காலையில் கிளம்பி, நெடுஞ்சாலை ஓட்டலில் ஆப்பிள் பை என்கிற பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, என்ன கூட்டம்!" என்றபடி வீடு திரும்புவார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாதத்து முதல் சுற்றில் அவர் கட்சியில் அவரை எதிர்த்து யாரும் நிற்காததால், அன்றைக்கும் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

இப்போதுதான் வினை வந்தது. உள்ளூர் மாலைப் பத்திரிகையின் டட்லி, "ஜட்ஜம்மாவும் நீங்களும் ஒரே சாலை, ஒரே பூத்துதானே? ஓட்டுப் போட்டுட்டு வரும்போது ரெண்டு பேரையும் எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டான். பத்திரிகை மூன்று மணிக்கு வரும். அதே நேரத்தில்தான் மில்லில் ஷிப்டு விடும். மில்காரர்கள் பத்திரிகையைப் புரட்டிவிட்டு நேரே ஓட்டுப் போடப் போவார்கள். அதில் ஜட்ஜம்மாள் படம் மட்டும் இருந்து, பக்கத்தில் 'ஹூடாக் வரவில்லை' என்று இருந்தால், ஊர் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

யாரிடம் கேட்பது? ஐரீனிடம் கேட்டால் கல்யாணமான நாள் முதல் சொல்லிவந்த பொய் உடையும். தேர்தலை நடத்தும் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போடலாமென்றால், அங்கே போனை எடுப்பவள் ஐரீனின் சித்தி மகள். செல்போனெல்லாம் யாரும் கண்டிராத காலம்.

அப்போதுதான் ஜட்ஜ் பெல்னாப்பின் பச்சை நிற நீளக் கார் அவர் வாசலைக் கடந்து இடது பக்கமாகப் போயிற்று. அம்மாள் சிவப்புக் கோட்டும் தொப்பியுமாகப் போட்டோவுக்குத் தயாராக இருந்தார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது! ஹூடாக் தன் வண்டியை அந்தக் காரின் பின்னாலேயே விட்டார்.

பச்சைக் கார் தீயணைப்பு நிலையத்தில் போய் நின்றது. வாசலில் கொடி, உள்ளே வரிசை, வரிசையின் முடிவில் திரைச்சீலைகள். ஓட்டுப் போடுவது திரைக்குப் பின்னால் என்று ஹூடாக் கேள்விப்பட்டிருந்தார். சந்தோஷமாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"படுங்க" என்றாள் வெள்ளை உடுப்புப் பெண்.

"படுத்துக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுக் குடுத்தா மயக்கம் வரும் சார். சட்டைக் கையை மடிங்க."

அது ரத்ததான முகாம் என்று புரிந்தபோது ஊசி பக்கத்தில் வந்துவிட்டது. எழுந்து ஓடலாமென்று பார்த்தால், அடுத்த கட்டிலில் ஜட்ஜ் பெல்னாப் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"குட்மார்னிங், மிஸ்டர் ஹூடாக். நீங்களுமா?"

"வருஷா வருஷம் குடுப்பேன், ஜட்ஜம்மா" என்று ஹூடாக் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அவருக்கு உள்ளூர ஒரு மரியாதையே வந்துவிட்டது. தேர்தல் அன்று காலையில் ஊரார் முன்னிலையில் ரத்தம் கொடுக்கிறாளே, என்ன மூளை! நமக்கு இது தோன்றவில்லையே! நர்சிடம் மெதுவாக, "ஓட்டுப் போடற இடம்..." என்று ஆரம்பித்தார். அடுத்த கட்டிலில் தொப்பி திரும்பியது. "...எல்லாம் இன்னிக்கு நல்ல கூட்டம், இல்ல?" என்று முடித்துக்கொண்டார்.

இரண்டு பிஸ்கட்டும் ஆரஞ்சு ஜூசும் கொடுத்து அனுப்பினார்கள். முழங்கைக் கட்டோடு, லேசாகத் தலை சுற்ற, ஹூடாக் மறுபடி பச்சைக் காரைப் பிடித்தார்.

அது ஸ்லோவாக் மாதாகோயிலில் நின்றது. அதன் கீழ்த்தளத்தில் பாதி ஊர் ஓட்டுப் போடுவதாக அவருக்கு ஞாபகம். படியிறங்கினால் வெங்காயமும் வெண்ணெயும் வதங்கும் வாசனை. நீளமான மேசைகளைச் சுற்றி நின்று, பெண்கள் மாவில் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து பிரோகி மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சமையல் மேலங்கி கட்டிக்கொண்டு ஜட்ஜம்மாளும் மடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாடி, ஹூடாக்கும் வந்தாச்சு!" என்று ஒரு குண்டு அம்மாள் கைதட்டினாள். "ஜட்ஜம்மா வந்த உடனே 'ஒத்தாசை பண்ண வந்தேன்'னு நின்னாங்க. நீ எதுக்கய்யா வந்த?"

"அதே... ஒத்தாசைக்குத்தான்."

மாவை நீட்டினார்கள். அவர் மடித்த முதல் பிரோகி வாயைப் பிளந்துகொண்டது. இரண்டாவதில் பூரணம் அவர் டைக்குப் போயிற்று.

"யோவ், இது பிரோகியா பஞ்சரான டியூபா? உன் கடையில ஒட்டற மாதிரி ஒட்டாத!"

கூடமே சிரித்தது. ஜட்ஜம்மாளும் சிரித்தார். கோர்ட்டில் கல்லாக இருக்கும் முகம் சிரித்தால் அழகாகத்தான் இருந்தது. ஹூடாக்குக்கே அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டாச்சா?" என்று குண்டு அம்மாள் கேட்டாள்.

"இனிமேதான்" என்றார் ஜட்ஜம்மாள்.

"நானும் இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன்" என்றார் ஹூடாக்.

"ஒரே பூத்துதானே, ஒண்ணாவே போங்களேன்!"

ஜட்ஜம்மாள் சட்டென்று மேலங்கியை அவிழ்த்தார். "நல்ல யோசனை. மிஸ்டர் ஹூடாக், நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்."

"அதெப்படி? ஜட்ஜம்மா முன்னால போறதுதான் மரியாதை."

"உங்க வண்டி பெருசு."

"உங்க வண்டி வேகம்."

"வயசுல நீங்க பெரியவர்."

"பதவியில நீங்க பெரியவங்க."

"அட, எவ்வளவு நாகரிகமா தேர்தல்ல நிக்கறாங்க பாருங்கடி!" என்று பெண்கள் உருகிப்போய் ஆளுக்கொரு பிரோகிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். கடைசியில் ஹூடாக் படி ஏறாமல் அப்படியே நின்றுவிட்டதால், ஜட்ஜம்மாள்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னால் போக வேண்டியதாயிற்று. கெட்டிக்காரி, என்னை முன்னால் விட்டு நான் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் போடத்தான் பார்த்தாள் என்று ஹூடாக் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பச்சைக் கார் ஊரை ஒரு சுற்று சுற்றியது. நூலகத்தின் எதிரே வேகம் குறைத்தது, பிறகு போயிற்று. பள்ளிக்கூடத்தின் எதிரே வேகம் குறைத்தது, பிறகு போயிற்று. எல்லா இடத்திலும் ஜனங்களுக்குக் கை காட்டுகிறாளாக்கும்! ஹூடாக்கும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். அதைப் பார்த்துப் பின்னால் வந்த லாரிக்காரன், இவர் திரும்பப்போகிறார் என்று நினைத்து பிரேக்கை மிதித்து வைதான்.

முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் வாசலில் ஏகப்பட்ட கார்கள், ஏகப்பட்ட கொடிகள். பச்சைக் கார் திரும்பியது. இதுதான்! சந்தேகமே இல்லை! மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஹூடாக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

உள்ளே அக்கார்டியன் முழங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிழத் தம்பதிக்குக் கல்யாணப் பொன்விழா.

"வேட்பாளர்கள் ரெண்டு பேரும் வாழ்த்த வந்துட்டாங்க!" என்று மாப்பிள்ளைக் கிழவர் குதித்தார். "கண்ணு, பாத்தியா நம்ம மதிப்ப! போடுங்கப்பா ஒரு போல்கா! அவங்க ரெண்டு பேரும் ஆடியே ஆகணும்!"

"எனக்கு ஓட்டு..." என்றார் ஹூடாக்.

"ஓட்டு எங்க ஓடிப்போகுது? ராத்திரி எட்டு வரைக்கும் இருக்கு!"

ஜட்ஜும் வாத்துக்காரரும் கைகோத்து நின்றார்கள். சுற்றி ஐம்பது கிழவர் கிழவிகள் தாளம் தட்டினார்கள்.

"நீங்க நடத்துங்க, மிஸ்டர் ஹூடாக். எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா? நீங்களே இழுத்துட்டுப் போங்க!"

ரத்தம் கொடுத்த உடம்பு. இரண்டு சுற்றிலேயே விட்டம் கீழேயும் தரை மேலேயும் போய்வந்தன. ஆனால் நடுவே எங்கேயோ கால்கள் தாமாகவே தாளத்தைப் பிடித்துக்கொள்ள, ஜட்ஜம்மாளின் தொப்பி பறந்துபோக, இருவரும் சின்னப் பிள்ளைகள்போல விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்து வழக்கு அந்த நிமிஷம் ஹூடாக்குக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று.

பாட்டு முடிந்ததும் ஜட்ஜம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். ஹூடாக் கேக்குத் துண்டிலிருந்து தப்பித்து வெளியே வருவதற்குள் பச்சைக் காரைக் காணோம்.

தீர்ந்தது. ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை முட்டிக்கொண்டார். இனி ஒரே வழிதான். வீட்டுக்குப் போய் ஐரீனின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லி, இடத்தைக் கேட்பது. அவள் பூரிக்கட்டை எடுத்தாலும் சரி.

தன் சாலைக்குள் திரும்பினார். வழக்கம்போல, அதே சாலையில் குடியிருக்கும் ஜெனிவீவ் ஸ்லொபோடாவின் வீட்டு எதிரில் கார்களை இஷ்டத்துக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். இது ஒரு ரோதனை. நவம்பர் வந்தால் இந்த அம்மாள் தன் கார் கொட்டகையைத் திறந்து பழைய சாமான் விற்க ஆரம்பித்துவிடுவாள், வண்டி போக வழியிருக்காது. ஒரு வருடம் ஏணி இருக்கிறதா என்று கேட்கலாமா என்றுகூட ஹூடாக் யோசித்ததுண்டு.

கொட்டகை வாசலில் டட்லி கேமராவைத் தூக்கிக் கை ஆட்டினான்.

"எங்க சார் போயிட்டீங்க? ஜட்ஜம்மாவ இப்பத்தான் எடுத்தேன். ஓடுங்க, ஓடுங்க!"

கொட்டகைக்குள் ஓட்டு இயந்திரம், திரைச்சீலை, கொடி எல்லாம் இருந்தன. மேசைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரியாக ஜெனிவீவ் உட்கார்ந்திருந்தாள். ஹூடாக் தன் வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கலாம்.

ஹூடாக் திரைக்குள் நுழைந்து குமிழ்களையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஜெனிவீவ்... இதுல எதை இழுக்கணும்?" என்று கிசுகிசுத்தார்.

அவள் வந்து கைப்பிடியைக் காட்டிக்கொடுத்தாள். ஹூடாக் என்ற பெயருக்கு நேரே இருந்த குமிழைத் தட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. ஆப்பிள் பையைவிட இது நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வந்தவரை டட்லி ஜட்ஜம்மாளோடு சேர்த்து நிறுத்தினான். இருவர் முழங்கையிலும் கட்டு, இருவர் உடுப்பிலும் மாவு, இருவர் கையிலும் பிரோகிப் பொட்டலம். "ஜட்ஜம்மா எல்லாம் சொன்னாங்க. அடேயப்பா, ரத்தம் குடுத்து, கோயில் வேலை செஞ்சு, பொன்விழாவுல ஆடி... இந்த ஊர் இப்படி ஒரு தேர்தலப் பாத்ததே இல்ல!" என்று கிளிக் செய்துவிட்டு அவன் பத்திரிகைக்குப் பறந்தான். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அது ஹூடாக்கின் வயிற்றில் பால் வார்த்தது.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் அடைக்க வேண்டியிருந்தது. ஜட்ஜம்மாளின் கார் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, நைசாக மேசைப் பக்கம் போனார்.

"ஜெனிவீவ், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்கு இந்த இடமே தெரியாது. இதுதான் என் முதல் ஓட்டு. ஜட்ஜம்மாவுக்கு வழி தெரியும்னு நம்பி காலையிலேர்ந்து அந்தக் காருக்குப் பின்னாலயே சுத்தியிருக்கேன். ஐரீனுக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவால்ல, அந்தம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கோர்ட்டு முழுக்கச் சிரிக்கும். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

ஜெனிவீவ் ஸ்லொபோடா மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பயப்படாதய்யா, சொல்லமாட்டேன். 'எனக்கு இதான் முதல் ஓட்டு, இடம் தெரியல, யார்கிட்டயாவது வழி கேக்கலாம்னா அந்த ஹூடாக் ஒட்டுப்புல் மாதிரி பின்னாலயே வர்றார், ஊரெல்லாம் தெரிஞ்ச மனுஷன் காதுபட எப்படிக் கேப்பேன்'னு அந்தம்மாவும் இப்பத்தான் இதே சத்தியத்த வாங்கிட்டுப் போனாங்க!"