நீலக் கம்பியும் வெள்ளைக் கம்பியும்

இந்தக் கோடையில் மனைவியின் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று ஒரெஸ்ட் சபதம் எடுத்தான். அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் மட்டும்தான் இல்லை.

அக்கா ஸ்டெஃபாவின் வீடு ராக்கி மலைக்கு அந்தப் பக்கம். போனால் ஒரு வாரம். அவள் புருஷன் வால்டர் விடிந்ததும் அக்கார்டியன் வாத்தியத்தைத் தூக்கினால், ஊர் நாய்கள் ஊளையிட்டு ஓய்ந்த பிறகும் ஓயமாட்டான்.

கிளம்பவேண்டிய சனிக்கிழமை காலை, ஒரெஸ்ட் பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டான். பின்னால் பூட்டியிருக்கும் டிரெய்லர் வீட்டின் பிரேக்கை நடத்தும் கன்ட்ரோலர் அங்கேதான் இருந்தது. அதிலிருந்து பிரேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் நீலக் கம்பியைப் பிடுங்கினான். கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. இழவு வீட்டுக்குப் போகிறவன் முகத்தோடு சமையலறைக்குள் போனான்.

“லெஸ்யா, டிரெய்லர் பிரேக் போச்சு. மலை இறக்கத்துல இதை நம்பினா அக்கா வீட்டுக்கு இல்ல, நேரா சொர்க்கத்துக்குத்தான்.”

“அங்க உன்னைச் சேர்த்துக்கணுமே!” முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் லெஸ்யா. “சரி, விடு. உயிரைவிடவா அக்கா பெருசு? போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

இவ்வளவு சுலபமா! ஒரெஸ்ட் ஒரு பீரைத் திறந்து சாய்வு நாற்காலியில் விழுந்தான். லெஸ்யா வெங்காயத்தாள் பறிக்கத் தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வந்து போனில் கொஞ்ச நேரம் பேசினாள்.

“அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு! ‘நீங்க வரமுடியலைன்னா என்ன, நாங்க வர்றோம்’ங்கறா. ரெண்டு வாரம். வால்டர் புதுசா இன்னும் பெரிய அக்கார்டியன் வாங்கியிருக்காராம்.”

ஒரெஸ்ட் பீரை வைத்துவிட்டு எழுந்தான்.

“இரு, இரு! நான் இன்னொரு தடவை பார்த்துடறேன்.”

ஓடினான். நீலக் கம்பியை மாட்டினான். சிவப்பு விளக்கு அப்போதும் அதே மாதிரி மினுக்கியது.

தானே செய்த கோளாறு, தானே சரிசெய்தும் சரியாகாமல் போனால் யாரிடம் முறையிடுவது? டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் பிளக்கின் முனைகளைத் தேய்த்தான். லெஸ்யாவை வண்டியில் உட்காரவைத்து, கன்ட்ரோலரின் நெம்புகோலை அழுத்தச் சொன்னான். அவன் திசைகாட்டியோடு சக்கரத்தடியில் படுத்தான். பிரேக்கின் காந்தம் உயிர்பெற்றால் முள் திரும்பவேண்டும்.

“அழுத்தறியா?”

“அழுத்தறேன், அழுத்தறேன். முள் என்ன சொல்லுது?”

“வடக்குன்னு சொல்லுது!”

“அது எப்பவும் சொல்றதுதானே, மனுஷா!”

நாலு சக்கரத்தடியிலும் புரண்டு எழுந்தபோது அவனும் சேறும் ஒரே நிறம்.

“கடவுளே, இது மட்டும் சரியாகட்டும். ரெண்டு வாரம் வேணும்னாலும் நானே அங்க போய் இருக்கேன்!”

“நிஜமாவா?”

“சத்தியமா!”

லெஸ்யா இறங்கி வந்தாள். ஏப்ரன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். டிரெய்லரின் மூக்கில், கம்பிகள் சேரும் பெட்டியின் மூடியைத் திறந்து, தொங்கிய வெள்ளைக் கம்பியை முடுக்கினாள். மின்சாரம் திரும்பி வரும் வழி அது. அது இல்லாமல் நீலத்தால் ஒரு புண்ணியமும் இல்லை. போய் நெம்புகோலை அழுத்தினாள். சக்கரங்கள் ‘ங்ங்’ என்று முனகின. ஒரெஸ்டின் கையில் முள் துள்ளித் திரும்பியது.

“எங்கப்பா நாப்பது வருஷம் டிரெய்லர் ரிப்பேர் பண்ணினவர். மறந்துட்டியா? நீ நீலத்தைக் கழட்டினதைச் சன்னல் வழியா பார்த்தேன். வெங்காயத்தாள் பறிக்கப் போனப்போ நான் வெள்ளையைக் கழட்டினேன்.”

“அப்போ அந்த போன்?”

“அதுல பேசினது நான் மட்டும்தான். போ, குளிச்சிட்டு வா. அக்கா காத்துக்கிட்டிருப்பா.”

ஒரெஸ்ட் மாற்றுத்துணி எடுக்க டிரெய்லருக்குள் ஏறினான். அலமாரியில் அவனுடைய சட்டைகள் இஸ்திரி போட்டு அழகாக அடுக்கியிருந்தன.

எண்ணினான். பதினாலு.