மாப்பிள்ளை அனுப்பிய ஆசிட் கேன்

குடியாத்தம்,
ஐப்பசிக் கடைசி வெள்ளி, 1986.

சென்னையில் கோழித்தீவனக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை சம்பத் அவர்களுக்கு, மாமனார் கோதண்டபாணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை கமலவேணியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் பூரணியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் துணையிருக்கட்டும். மற்றபடி இங்கே ஒன்றும் சரியில்லை.

லுங்கித் தறியே கதியென்று இருந்தவனை பிராய்லர் கோழி வளர்க்கச் சொன்னது நீங்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவன் நான். ஆனால் இந்த அடைமழையில் மூட்டையிலிருந்த மக்காச்சோளம் பூசணம் பிடித்து, அதைத் தின்ற குஞ்சுகள் தண்ணீராய்க் கழிந்து, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒண்டியபோது உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். நீங்கள் வருவீர்கள் என்று எக்ஸ்பிரஸ் நிற்கிற ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலில் ஒரு கேன் மட்டும் வந்தது. அது ஆர்கானிக் ஆசிட், பூசணத்தைத் தடுக்கும், கோழிக் குடலில் இருக்கிற கெட்ட கிருமியை அடக்கும், தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்தால் போதும் என்று சீட்டு வைத்திருந்தீர்கள். எல்லாம் சரி மாப்பிள்ளை, மூடியை இறுக்கி மூட உங்கள் கம்பெனியில் ஆளே இல்லையா? குடியாத்தம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பேரணாம்பட்டு தாண்டுவதற்குள் பாதி வேட்டி நனைந்துவிட்டது. அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது. பஸ் முழுக்க தோல் பதனிடும் ஷாப்பில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், நாளெல்லாம் பச்சைத் தோலுக்கு நடுவே நிற்கிறவர்கள், அவர்களே ஒவ்வொருவராக எழுந்து முன்பக்கம் போய் நின்றார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து, "எந்த ஷாப்புல வேல செய்றண்ணே? எங்க ஷாப்பு இவ்ளோ மோசமில்ல. வேணும்னா மேஸ்திரிகிட்ட சொல்றேன், வந்துடு" என்று பரிதாபப்பட்டார்.

வீட்டில் கமலவேணி என்னை வாசல் தாண்ட விடவில்லை. கிணற்றடியில் குளித்து, வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். தீவனம் கலக்கும் எல்லம்மாவோ கேனைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஆசிட்டு பட்டு எங்க அண்ணனுக்குக் கை தோலே உரிஞ்சிபோச்சி. கோழிக்குக் கொடலு நிக்குமா? நான் தொட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே கலந்தேன். நீங்கள் கொஞ்சம் என்று எழுதியிருந்தீர்கள். நோய் ஜாஸ்தியாக இருந்ததால் நான் ஜாஸ்தியாக ஊற்றினேன், டாக்டரும் அப்படித்தானே செய்வார். கோழிகள் ஓடி வந்தன, முகர்ந்தன, தலையைச் சாய்த்து கமலவேணி பார்ப்பது போலவே என்னை ஒரு பார்வை பார்த்தன, திரும்பிப் போய்விட்டன. பட்டினி கிடந்து கத்தினவே தவிர ஒரு வாய் தொடவில்லை.

அதற்குள் எல்லம்மா வாய் வழியாகச் சேதி ஆம்பூர் வரைக்கும் போய்விட்டது. மகன் கல்யாண விருந்துக்கு மொத்தக் கோழியும் சொல்லி வைத்திருந்த ஆம்பூர் ரஃபத் ஜஹான் அம்மாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"இன்னாண்ணே, கோழிக்கு ஆசிட் ஊத்துறீங்களாமே?"

"ஆசிட்டுன்னா அந்த ஆசிட்டு இல்லம்மா. தயிர்ல இருக்குது, எலுமிச்சம்பழத்துல இருக்குது, அதே ஜாதிதான்."

"அப்போ தயிரே ஊத்தறது, எதுக்கு இந்தப் பேஜாரு? எங்க வூட்டு ஆம்பளைங்க அல்லாரும் தோல் ஷாப்புலதான் இருக்காங்க. தோலுக்குப் போடற ஆசிட்ட கோழிக்குப் போட்டா, விருந்துக்கு வந்தவங்க கறி திங்கறதா, செருப்பு திங்கறதா?"

அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி ஏறினார். அவர் போனபிறகு கொட்டகைக்குள் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வளர்த்த குஞ்சுகள் மாப்பிள்ளை. ஆகையால் முடிவாக எழுதுகிறேன். கோழிப் பண்ணையை மூடுகிறேன். தறியே எனக்குப் போதும், லுங்கிக்கு வயிறு கிடையாது. வருகிற ஞாயிறு நீங்களே நேரில் வந்து கேனை எடுத்துப் போகவும். இனி தீவனம், ஆசிட் என்ற பேச்சே நமக்குள் வேண்டாம். பூரணி மழையில் நனையாமல் இருக்கட்டும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, மக்கட்செல்வத்தோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
கோதண்டபாணி

பி.கு.: மேலே உள்ளதை எழுதிவிட்டு ஸ்டாம்பு ஒட்ட மறந்து சில நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், சொன்ன ஞாயிறும் போய்விட்டது. இதற்கிடையில் கமலவேணி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் கலந்ததை எருக்குழியில் கொட்டிவிட்டு, நல்ல சோளமாக வாங்கி, உங்கள் சீட்டில் இருந்த அளவுப்படி கலந்து போட்டிருக்கிறாள். கோழிகள் தின்கின்றன. கழிச்சல் கட்டிவிட்டது. பக்கத்துப் பண்ணை சுப்பராயன் தன் கோழிக்கும் வேண்டுமென்று வந்து நின்றார். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம்னா கொஞ்சம்தாங்க. எங்க வூட்டுக்காரர் மாதிரி ஊத்திடாதீங்க" என்று பாடம் நடத்தி, மிச்சக் கேனையும் கொடுத்தனுப்பிவிட்டாள். ஆகவே அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்துப்போக ஒன்றுமில்லை, இரண்டு கேன் கொண்டுவரவும். பார்சல் என்றால் இனி கமலவேணி அம்மாள் பெயருக்கே போடச் சொல்கிறாள். ரஃபத் ஜஹான் அம்மாளைப் பார்த்துப் பேச இப்போது அவள்தான் ஆம்பூர் போயிருக்கிறாள். கோழிகள் தேறியதைப் பார்த்து எல்லம்மாவும் வேலைக்குத் திரும்பிவிட்டாள், நான் கொட்டகையில் அவளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன். அளக்க மட்டும் என்னை விடுவதில்லை.