புளியறைக்குப் போன கட்லா

அரசு மீன்பண்ணையில் அதிகாரியாய் விளங்கும் அன்பு மருமகன் குற்றாலிங்கத்துக்கு, தென்காசியிலிருந்து மாமா இசக்கிமணி ஆசியோடு எழுதுவது. இங்கே சாரல் விழத் தொடங்கிவிட்டது. நானும் உன் அத்தை முப்பிடாதியம்மாளும் தும்மலோடு சௌக்கியம்.

தை மாதம் நீ கொடுத்துவிட்ட கட்லா மீன்குஞ்சுகளுக்கு, நீ சொன்னபடியே முதுகில் டேக் என்கிற மஞ்சள் அடையாளச் சீட்டைக் குத்தி எங்கள் குளத்தில் விட்டோம். எத்தனை பிழைத்தன, எவ்வளவு வளர்ந்தன என்று தெரிந்தால்தான் இனி எத்தனை குஞ்சு விடலாம் என்று முடிவெடுக்க முடியும் என்றாய். மீனவர் சங்கத் தலைவர் என்ற முறையில் டேக்கில் என் செல் நம்பரையே அச்சடிக்கச் சொன்னேன். குத்துகிற அவசரத்தில் ஒரு டேக் செயலாளர் ஜெபசிங்கின் துண்டில் ஏறிவிட்டது. அவர் அந்தத் துண்டோடு அருவிக்குக் குளிக்கப் போய், அதை அங்கேயே மறந்துவிட்டார். முதல் போன் ஐந்தருவியிலிருந்து வந்தது: "அண்ணாச்சி, உங்க துண்டு ஒண்ணு இங்கன பாறையில கிடக்கு." அன்றே ஜெபசிங்குக்கு டேக் மேல் நம்பிக்கை போய்விட்டது.

போன வாரம் வலை போட்டோம். ஒரு மீன் முதுகிலும் மஞ்சளைக் காணோம். கிடைத்த நாட்டு மீன்களை வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போனதும் சங்கக் கூட்டம் கூடியது.

"குஞ்செல்லாம் செத்துப்போச்சு. இனி விட வேண்டாம். குளத்த வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டுருவோம்" என்றார் ஜெபசிங். பாதிப் பேர் தலையாட்டினார்கள். குத்தகைக்காரன் வந்தால் தன் ஆட்களோடுதான் வருவான். நம் வலைக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது போன் அடித்தது. புளியறையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் உலகம்மை. "மீனை அறுத்தா உள்ள ஒரு மஞ்சச் சீட்டு இருக்கு, அதுல உங்க நம்பர் போட்டிருக்கு. நீங்க டாக்டரா?" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மீன் எவ்வளவு பெரிசு தாயி?"

"முழங்கை நீளம் இருக்கும். நல்லா கொழுத்துக் கிடக்கு."

தையில் உள்ளங்கை நீளம், ஆனியில் முழங்கை நீளம். போலீஸில் ஏட்டாக இருந்தவனுக்கு இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? ஜெபசிங்கே எழுந்து, "இந்த வருசம் ரெண்டு மடங்கு விடுவோம்" என்றார். கைதட்டி நிறைவேற்றினோம். ஆகவே இரண்டு மடங்கு குஞ்சு தயார் செய்து வை. உன் மேலதிகாரிகளிடம் என் பெயரைத் தாராளமாகச் சொல்.

உன் மனைவி வேல்விழிக்கும் பிள்ளைகளுக்கும் குற்றாலநாதர் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். சாரல் ஓய்வதற்குள் வந்து அருவியில் தலை நனைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
இசக்கிமணி,
ஓய்வுபெற்ற ஏட்டு.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உலகம்மை மறுபடி கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அந்த விரால் நல்ல ருசி. இன்னொண்ணு கிடைக்குமா?" விராலா என்று கேட்டேன். "விரால்தான். அது வயித்துக்குள்ள இன்னும் ஏகப்பட்ட மஞ்சச் சீட்டு கிடந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே நம்பர், அதான் ஒருதடவ கூப்பிட்டாப் போதும்னு விட்டுட்டேன்" என்றாள். மருமகனே, உன் கட்லாக் குஞ்சுகள் போன இடம் தெரிந்துவிட்டது. இனிக் குஞ்சு அனுப்பாதே. விரால் வாய்க்குள் நுழையாத அளவுக்கு வளர்ந்தது இருந்தால் மட்டும் அனுப்பு. ஜெபசிங்கிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு வேண்டாம், மனிதர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்.